காய்ச்சல் எத்தனையாவது நாள்? ராமநாதபுரம் கடற்கரையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஐப்பசி மழை இறங்கியதிலிருந்து மாசிப் பனி விலகும் வரை, தொண்டி, தேவிபட்டினம், மண்டபம், பாம்பன், கீழக்கரை, ஏர்வாடி என்று கரை நெடுகக் காய்ச்சல் காலம்தான். டெங்கு, உண்ணிக்காய்ச்சல், எலிக்காய்ச்சல், டைபாய்டு, மலேரியா எல்லாம் முதல் மூன்று நாள் ஒரே முகத்தோடுதான் வரும்: தலைவலி, உடம்பு வலி, குளிர், வாந்தி. அவற்றைப் பிரித்தறிய முதலில் கைகொடுப்பது நாள் கணக்கு. எந்தச் சோதனையை எப்போது எடுப்பது, ஆபத்து எப்போது வரும், மருந்து கொடுத்தால் எத்தனை நாளில் காய்ச்சல் இறங்க வேண்டும் என்ற மூன்றுக்கும் அதுதான் அடிப்படை. நாளை எண்ணாமல் விடுவதால்தான் பல தவறுகள் நடக்கின்றன.

நாளைக் கேட்டால் சரியான பதில் கிடைப்பதும் எளிதல்ல. "ரெண்டு நாளா" என்று பலர் சொல்வது படுக்கையில் விழுந்த நாளிலிருந்து. அதற்கு முன்பே மூன்று நாள் மாத்திரை போட்டுக்கொண்டு வேலைக்குப் போயிருப்பார்கள். அதனால் நாளை ஒரு நிகழ்ச்சியோடு கட்டிக் கேட்க வேண்டும்: வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் போகும்போது உடம்பு சுட்டதா? கடைசியாகக் கடலுக்குப் போன அன்றைக்குக் குளிர் இருந்ததா? வீட்டிலேயே ஒரு தாளில் காய்ச்சல் தொடங்கிய தேதி, நேரம், அதுவரை போட்ட மாத்திரை, ஊசி எல்லாவற்றையும் எழுதி வைத்துக்கொண்டு வந்தால், மருத்துவருக்கு அது பாதி பரிசோதனை.

முதல் நாளே ஊசி கேட்பது

"ஊசி போட்டாத்தான் இறங்கும்" என்ற நம்பிக்கை கரையோர ஊர்களில் இன்னும் பலமாக இருக்கிறது. போடப்படுவது பெரும்பாலும் டைக்ளோபினாக் என்ற வலிநிவாரணி, சில இடங்களில் அதோடு டெக்சாமெத்தசோன். இரண்டும் சூட்டை இறக்கும், நோயைத் தொடாது. டெங்குவாக இருந்தால் டைக்ளோபினாக் இரத்தக்கசிவைக் கூட்டும். நீர் வற்றிய உடம்பில் சிறுநீரகத்தைக் கெடுக்கும். டெக்சாமெத்தசோன் ஸ்டீராய்டு. ஒரு நாள் நன்றாக இருப்பதுபோல் காட்டி நாள் கணக்கையே குழப்பிவிடும். சர்க்கரை நோயாளிக்குச் சர்க்கரையை ஏற்றும்.

காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் போதும். பெரியவர்களுக்கு 500 அல்லது 650 மில்லிகிராம், 6 மணி நேர இடைவெளியில், ஒரு நாளில் 4 தடவைக்கு மேல் வேண்டாம். தினமும் மது குடிப்பவர், கல்லீரல் நோய் உள்ளவர் ஒரு நாளில் மொத்தம் 2 கிராமைத் தாண்டக் கூடாது. பெயர் வேறாக இருந்தாலும் சளி மாத்திரை, உடம்புவலி மாத்திரை பலவற்றுக்குள்ளும் பாராசிட்டமால் இருக்கும். அட்டையைப் பார்க்காமல் மூன்று வகை மாத்திரையைச் சேர்த்துப் போடுவதுதான் அளவு மீறுவதற்குப் பொதுவான காரணம்.

டெங்குவில் தட்டணுவை (பிளேட்லெட்டை) மட்டும் பார்ப்பது

முதல் 5 நாள் வரை, வைரஸின் புரதத்தைத் தேடும் என்எஸ்1 சோதனை. அதற்குப் பிறகு, உடம்பு உருவாக்கும் எதிர்ப்பொருளைத் தேடும் ஐஜிஎம். 7ஆம் நாள் என்எஸ்1 எடுத்து "டெங்கு இல்லை" என்று திருப்பி அனுப்புவதும், 2ஆம் நாள் ஐஜிஎம் எடுத்து அதையே சொல்வதும் ஒரே தவறுதான். இரண்டாம் முறை டெங்கு வருபவருக்குச் சரியான நாளில் எடுத்தாலும் என்எஸ்1 தவறிப்போகலாம்.

இதைவிடப் பெரிய தவறு, காய்ச்சல் விட்டதும் நிம்மதி அடைவது. டெங்குவில் ஆபத்து வருவது காய்ச்சல் விடும் நேரத்தில், பெரும்பாலும் 4ஆம் நாளிலிருந்து 6ஆம் நாளுக்குள். இரத்தக் குழாயிலிருந்து நீர் கசிந்து வெளியேறுவது அப்போதுதான். 24 முதல் 48 மணி நேரம் வரை கசியும். உடம்பு குளிர்ந்திருக்கிறதே என்று வீட்டுக்குக் கூட்டிப்போன மறுநாள், கை கால் சில்லிட்டு நாடி ஒடுங்கிய நிலையில் திரும்பக் கொண்டுவருவார்கள். விடாத வயிற்றுவலி, ஒரே நாளில் மூன்று தடவைக்கு மேல் வாந்தி, ஈறிலோ மூக்கிலோ இரத்தம், எழுந்தால் தலைசுற்றல், சோர்ந்து கிடப்பது, 6 மணி நேரமாகச் சிறுநீர் போகாதது: இதில் ஒன்று இருந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். 108க்குக் கூப்பிடத் தயங்க வேண்டாம்.

கசிவைத் தட்டணு காட்டாது, இரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கைச் சொல்லும் ஹீமட்டோக்ரிட் காட்டும். தொடக்க அளவிலிருந்து 20 சதவீதம் ஏறினால் கசிவு நடக்கிறது என்று பொருள். தினமும் தட்டணுவை மட்டும் எழுதி அனுப்பும் லேப் தாளில் இந்த எண் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். இரத்தக்கசிவு இல்லாதவருக்கு எண் குறைந்ததற்காக மட்டும் தட்டணு ஏற்ற வேண்டியதில்லை. சிங்கப்பூர், மலேசிய மருத்துவமனைகளில் தட்டணு 20,000 அல்லது அதற்கும் கீழே போன 372 பெரியவர்களை இரண்டாகப் பிரித்துப் பார்த்த ஆய்வு 2017இல் லான்செட் இதழில் வந்தது. ஏற்றியவர்களில் 21 சதவீதம் பேருக்கும், ஏற்றாதவர்களில் 26 சதவீதம் பேருக்கும் இரத்தக்கசிவு வந்தது. அந்த வித்தியாசத்தைப் பலன் என்று எடுத்துக்கொள்ள முடியாது. ஒவ்வாமை போன்ற பக்கவிளைவோ ஏற்றியவர்களுக்குத்தான் அதிகம். தட்டணுப் பையைத் தேடி மதுரைக்கு ஆள் அனுப்பும் நேரத்தில் நாடியையும் இரத்த அழுத்தத்தையும் ஹீமட்டோக்ரிட்டையும் கவனிப்பதுதான் உயிரைக் காக்கும்.

தட்டணு குறைந்தாலே டெங்கு என்பதும் தவறு. உண்ணிக்காய்ச்சல், எலிக்காய்ச்சல், மலேரியா மூன்றிலும் அது குறையும்.

ஒரே ஒரு வைடால்

காய்ச்சல் என்று போனால் லேபில் முதலில் எடுப்பது, டைபாய்டு எதிர்ப்பொருளை அளக்கும் வைடால் சோதனை. 1:80, 1:160 என்று தாள் வரும். "டைபாய்டு இருக்கு" என்று ஐந்து நாள் ஊசி தொடங்கிவிடும். டைபாய்டு பரவலாக உள்ள ஊரில் பழைய தொற்றினால் வந்த எதிர்ப்பொருளே இந்த எண்ணைத் தரும். வேறு காய்ச்சலிலும் ஏறும். உண்மையில் டைபாய்டைக் காட்டுவது இரத்தக் கல்ச்சர், அதாவது இரத்தத்திலுள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை. முதல் வாரத்தில், நுண்ணுயிர்க்கொல்லி தொடங்குவதற்கு முன்பு, ஒரு பாட்டிலுக்கு 8 முதல் 10 மில்லி இரத்தம் எடுக்க வேண்டும். 2 மில்லி எடுத்து அனுப்பிவிட்டு "வளரவில்லை" என்று சொல்வதில் பொருளில்லை.

டைபாய்டுதான் என்று உறுதியானால் பொறுமை வேண்டும். சரியான மருந்து கொடுத்தாலும் காய்ச்சல் இறங்க 4 முதல் 6 நாள் பிடிக்கும். 3ஆம் நாளில் மருத்துவரை மாற்றி, மருந்தையும் மாற்றுவது வீண்.

உண்ணிக்காய்ச்சலில் உடம்பைப் பார்க்காமல் விடுவது

பெயரே முதலில் ஏமாற்றும். ஆட்டிலும் மாட்டிலும் ஒட்டும் உண்ணி இதைப் பரப்புவதில்லை. கண்ணுக்குத் தெரியாத ஒரு பூச்சியின் இளம்புழுதான் பரப்புகிறது. புதர் மண்டிய இடங்களில், எலி நடமாடும் இடங்களில் அது இருக்கும். சீமைக்கருவேலத்தில் விறகு வெட்டுபவர், கரிமூட்டம் போடுபவர், ஆடு மேய்ப்பவர், வீட்டுக் கொல்லையில் புதர் உள்ளவர் எல்லோரும் இதற்கு ஆளாகலாம். கடித்து 10 நாள் வாக்கில் காய்ச்சல் வருவதால், கடித்தது யாருக்கும் நினைவிருக்காது.

கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டதுபோல் ஒரு கறுப்புப் பொருக்கு விழும். வலிக்காது, அரிக்காது. அதனால் நோயாளி சொல்லமாட்டார். தேடித்தான் பார்க்க வேண்டும். அக்குள், தொடை இடுக்கு, மார்புக்கு அடியில், பாவாடை நாடாவும் அரைஞாண் கயிறும் இறுக்கும் இடுப்பு, காதுக்குப் பின்னால், பிட்டம். ஈரம் தங்கும் இடங்களில் பொருக்கு கறுக்காமல், வெளிறிய சிறு புண்ணாகவே இருக்கும். பக்கத்தில் வலியோடு நெறி கட்டியிருந்தால் அந்தப் பகுதியை இன்னொரு முறை பாருங்கள். சேலையைத் தளர்த்தாமல், லுங்கியை விலக்காமல் நாடி பிடித்து அனுப்பினால் இந்த நோய் நழுவிவிடும். பெண் நோயாளிக்குச் செவிலியரை உடன் வைத்து, திரை போட்டு, முறையாகப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். பொருக்கு இல்லையென்றால் நோய் இல்லை என்றும் முடிவு செய்யக் கூடாது.

ஐஜிஎம் எலைசா முதல் 5 நாளில் எடுத்தால் இல்லை என்றே வரலாம். பொருக்கு இருந்தால் சோதனைக்குக் காத்திராமல் டாக்சிசைக்ளின் தொடங்க வேண்டும்: பெரியவர்களுக்கு 100 மில்லிகிராம் காலை, இரவு, 7 நாள். கர்ப்பிணிகளுக்கு அசித்ரோமைசின். செப்ட்ரியாக்சோன் ஊசியும் அதைவிட விலை உயர்ந்த மெரோபெனம் ஊசியும் இதற்கு வேலை செய்யாது. இந்தக் கிருமி செல்லுக்குள்ளேயே வாழ்வது. அம்மருந்துகள் தாக்கும் செல்சுவர் அமைப்பு இதில் மற்ற பாக்டீரியாக்களில் இருப்பதுபோல் இல்லை. ஐந்து நாள் அந்த ஊசி ஏறியும் காய்ச்சல் நின்றபடியே இருந்தால், அதைவிடப் பெரிய ஊசியைத் தேடுவதற்கு முன் டாக்சிசைக்ளின் கொடுக்கப்பட்டதா என்று கேளுங்கள். சரியான மருந்து விழுந்தால் 48 மணி நேரத்தில் காய்ச்சல் இறங்கும். 72 மணி நேரமாகியும் இறங்காவிட்டால் நோயறிதலையே மறுபடி யோசிக்க வேண்டும்.

மாத்திரையை ஒரு முழு டம்ளர் தண்ணீரோடு போட்டு, அரை மணி நேரம் படுக்காமல் இருங்கள். மடக்குத் தண்ணீரில் விழுங்கிப் படுத்தால் உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாகும். பால், இரும்புச்சத்து மாத்திரை, வயிற்றெரிச்சல் மருந்து ஆகியவற்றோடு சேர்த்துப் போட்டால் மருந்து உடம்பில் சரியாகச் சேராது.

மூச்சுத்திணறல், மயக்கம், சிறுநீரகப் பாதிப்பு, குறைந்த இரத்த அழுத்தம் என்று நோய் முற்றியவர்களுக்கு 2023இல் ஒரு தெளிவு கிடைத்தது. இந்தியாவில் 7 மருத்துவமனைகளில் 794 பேரை வைத்து நடந்த ஆய்வு அது. நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வெளியானது. டாக்சிசைக்ளின், அசித்ரோமைசின், இரண்டும் சேர்த்து என்று மூன்று வகையாக நரம்பு வழி மருந்து கொடுத்தார்கள். மரணம், 7ஆம் நாளிலும் தீராத சிக்கல், 5ஆம் நாளிலும் விடாத காய்ச்சல் ஆகிய மூன்றையும் ஒன்றாகக் கணக்கிட்டதில், இரண்டும் பெற்றவர்களில் 33 சதவீதம், டாக்சிசைக்ளின் மட்டும் பெற்றவர்களில் 47, அசித்ரோமைசின் மட்டும் பெற்றவர்களில் 48. மரணத்தை மட்டும் தனியாகப் பார்த்தால் பெரிய வேறுபாடில்லை. இது நோய் முற்றியவர்களுக்கான முடிவு. நடந்து வரும் காய்ச்சல்காரருக்கெல்லாம் மெடிக்கலில் இரண்டு மாத்திரையையும் சேர்த்துக் கொடுப்பதற்கு இந்த ஆய்வில் ஆதாரமில்லை.

காமாலை என்று பச்சிலைக்குப் போவது

திருவாடானைப் பக்கம் வயல் வேலை, மழைநீர் தேங்கிய தெரு, எலி ஓடும் வலைக்கிடங்கு: எலிக்காய்ச்சலுக்கு இவை போதும். கண் மஞ்சளானதும் காமாலை என்று முடிவுகட்டிப் பத்தியம் இருப்பதில் நாள் போய்விடும். வைரஸ் காமாலையில் கண் மஞ்சளாகும்போது காய்ச்சல் பெரும்பாலும் விட்டிருக்கும். எலிக்காய்ச்சலில் காய்ச்சலும் மஞ்சளும் சேர்ந்தே இருக்கும். கண் சிவந்திருக்கும், கெண்டைக்காலை அமுக்கினால் துடிப்பார்கள். மஞ்சளைக் காட்டும் பிலிருபின் மிக அதிகம், கல்லீரல் நொதிகள் மிதமான ஏற்றம், சிறுநீரகப் பாதிப்பைக் காட்டும் கிரியாட்டினினும் அதிகம் என்று தாள் வந்தால் எலிக்காய்ச்சலை நினைக்காமல் விடக் கூடாது.

மணிக்கணக்கில் பார்க்க வேண்டிய ஒரு காய்ச்சல்

மீன் முள் குத்தியது, திருக்கை அடித்தது, பாசி எடுக்கும்போது பாறை கிழித்தது, இறால் ஓட்டில் கை வெட்டியது: எதுவானாலும் 24 மணி நேரத்துக்குள் காய்ச்சல் வந்து, காயத்தின் அளவுக்குப் பொருந்தாத வலி இருந்தால் காத்திருக்க நேரமில்லை. உப்புநீரில் வாழும் விப்ரியோ வல்னிபிகஸ் என்ற கிருமி, கல்லீரல் சுருங்கிய மதுப்பழக்கக்காரரையும் சர்க்கரை நோயாளியையும் ஓரிரு நாளில் சாய்த்துவிடும். தோல் கருஞ்சிவப்பாகி இரத்தநீர்க் கொப்புளம் எழும்பும். டாக்சிசைக்ளினோடு செப்ட்ரியாக்சோன் அல்லது செப்டசிடைம் ஊசி வேண்டும். அழுகிய தசையை அன்றே அறுவைசிகிச்சையில் அகற்ற வேண்டும். "மருந்து பிடிக்கிறதா பார்ப்போம்" என்று அறுவையைத் தள்ளுவது இதில் மிகப் பெரிய தவறு. கடல் காயம் என்பதை நீங்களே முதலில் சொல்லுங்கள். கேட்டால் சொல்லலாம் என்று இருக்காதீர்கள்.

திருக்கை அடித்த உடனே, பொறுக்கும் அளவு சூடான நீரில், 45 டிகிரிக்கு மேல் போகாமல், 30 முதல் 90 நிமிடம் காயத்தை முக்கி வைத்தால் வலி அடங்கும். அந்த விஷம் சூட்டில் கெடும். வலியில் காலுக்குச் சூடு தெரியாது. வேறொருவர் கைவிட்டுப் பார்த்த பிறகே முக்க வேண்டும். மஞ்சளோ சுண்ணாம்போ டீசலோ அப்ப வேண்டாம், அங்கேயே தையல் போட்டு மூடவும் வேண்டாம். முள் துண்டு உள்ளே இருக்கிறதா என்று எக்ஸ்ரே எடுக்க வேண்டும். டெட்டனஸ் ஊசியும் வேண்டும்.

மலேரியா மாத்திரையைப் பாதியில் விடுவது

மலேரியா பரப்பும் கொசுவில் ஒரு வகை, கிணற்றிலும் மூடாத மேல்நிலைத் தொட்டியிலும் முட்டையிடும். குடிநீரைச் சேர்த்து வைத்தே ஆக வேண்டிய கரை இது. மூடி போடாத தொட்டிதான் சிக்கல். இரத்தத் தடவல் (கண்ணாடித் துண்டில் இரத்தத்தைத் தடவிக் கிருமியைத் தேடும் சோதனை) ஒரு முறை இல்லை என்று வந்தால் விட்டுவிடாமல், 12 முதல் 24 மணி நேர இடைவெளியில் மொத்தம் மூன்று முறை பார்க்க வேண்டும்.

வைவாக்ஸ் என்ற மலேரியா வகைக்கு 3 நாள் குளோரோகுயினில் காய்ச்சல் நின்றுவிடும். ஆனால் கல்லீரலில் தூங்கும் கிருமி அப்படியே இருக்கும். அதைக் கொல்லும் பிரைமாகுயினை 14 நாள், கிலோவுக்கு 0.25 மில்லிகிராம் வீதம், சாப்பிட்ட பிறகு போட வேண்டும். கர்ப்பிணிக்கும் கைக்குழந்தைக்கும் இது கூடாது. ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடு உள்ளவருக்கு இரத்தச் சிவப்பணுக்கள் உடையும். சிறுநீர் கறுத்தாலோ கண் மஞ்சளானாலோ உடனே நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும். இந்த 14 நாளுக்குள் கடலுக்குப் போக நேர்ந்தால் மாத்திரையைத் தண்ணீர் புகாத டப்பாவில் போட்டு, சாப்பாட்டுத் தூக்கோடு சேர்த்துப் படகில் ஏற்றிவிடுங்கள். எத்தனையாவது நாள் மாத்திரை என்பதை டப்பாவின் மேலேயே எழுதி ஒட்டுங்கள்.