ஆவணப் புகைப்படம் எடுப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சமூக மாற்றத்தைப் படமெடுக்கக் கிளம்புகிறவர்கள் பலரும் முதலில் தேடுவது கண்ணீரையும் போராட்டக் கூட்டத்தையும்தான். அவையும் வேண்டும். ஆனால் மாற்றம் பெரும்பாலும் சத்தமில்லாமல் வருகிறது. வீட்டில் யார் சமைக்கிறார், கடைப் பலகையில் என்ன எழுதியிருக்கிறது, பிள்ளைகள் எங்கே விளையாடுகிறார்கள் என்பதெல்லாம் இன்றைக்குச் சாதாரணமாகத் தெரிவதால் யாரும் எடுப்பதில்லை. இருபது வருடம் கழித்துப் பார்க்கிறவர் தேடப்போவது இவற்றைத்தான்.

என்னைக் கேட்டால், இதைவிடப் பெரிய தவறு குறிப்பு எழுதாமல் விடுவது. 1936-ல் கலிஃபோர்னியாவில் அமெரிக்கப் புகைப்படக்காரர் டோரதியா லாங்கே எடுத்த ‘புலம்பெயர்ந்த தாய்’ படம் உலகம் அறிந்தது. படத்தில் இருக்கும் பெண்ணின் பெயரை லாங்கே கேட்கவே இல்லை. அந்தப் பெண் ஃபுளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன் என்று தெரிய வந்ததே 1978-ல்தான். சாப்பாட்டுக்காகக் கார் டயர்களை விற்றுவிட்டார்கள் என்று லாங்கே பின்னாளில் எழுதியதையும் தாம்சனின் குடும்பத்தார் மறுத்தார்கள். நாற்பது வருடத்துக்கு மேல் அந்த முகம் வறுமையின் அடையாளமாக அச்சேறிக்கொண்டே இருந்தது, அந்தப் பெண்ணின் சொந்தக் கதை மட்டும் அதனோடு வரவில்லை.

லூயிஸ் ஹைன் செய்ததைப் பாருங்கள். 1908 முதல் அமெரிக்க ஆலைகளிலும் சுரங்கங்களிலும் குழந்தைத் தொழிலாளர்களைப் படமெடுத்தவர். தன் மேலங்கிப் பொத்தான்களையே அளவுகோலாக வைத்துச் சிறுவர்களின் உயரத்தைக் கணித்தார். பெயர், வயது, செய்கிற வேலை எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார். படம் சாட்சியமாக நின்றதற்கு அந்தக் குறிப்புகள் பெரிய காரணம். இப்போது கையில் ஃபோன் இருக்கிறது. அன்றைக்கே குரலில் பதிந்து வையுங்கள். படத்தில் இருப்பவர்கள் சொன்னதை அவர்கள் வார்த்தையிலேயே வையுங்கள்.

அப்புறம், எதையும் நகர்த்தி வைக்காதீர்கள். 1936-ல் அமெரிக்க அரசுக்காகத் தெற்கு டகோட்டா மாநிலத்தின் வறட்சியைப் படமெடுத்த ஆர்தர் ராத்ஸ்டீன், ஒரு மாட்டு மண்டையோட்டைச் சில அடி தள்ளி வைத்தும் எடுத்தார். வறட்சி உண்மை. இருந்தும், அரசை எதிர்த்த பத்திரிகைகள் அதைப் பிடித்துக்கொண்டு அரசின் மொத்தப் படப் பணியையுமே பொய் என்றன.

ஒரே தடவை போய் எடுத்துவிட்டு ‘மாற்றம்’ என்று தலைப்பு வைப்பதும் சரியில்லை. ஒப்பிட இன்னொரு படம் வேண்டுமே! புகைப்படக்காரர் மில்டன் ரோகோவின் 1972-ல் அமெரிக்காவின் பஃபலோ நகரின் ஒரு பகுதியில் தொடங்கி, அதே குடும்பங்களைத் தேடி எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் மறுபடி போனார். எடுத்த படங்களின் பிரதியை அவர்களுக்கே கொடுத்தார். அடுத்த முறை கதவு திறப்பதற்கு அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

சம்மதத்தையும் ஒரு முறை வாங்கினால் போதும் என்று நினைக்காதீர்கள். படமெடுக்கும்போது தலையாட்டியவருக்கு அது எங்கே, எந்தத் தலைப்பில் வெளியாகும் என்று தெரிந்திருக்காது. வெளியிடும் முன் காட்டிக் கேளுங்கள். அடையாளம் தெரிந்தால் ஆபத்து என்றால், முகத்தைத் தவிர்ப்பதோடு கோப்பில் பதிந்திருக்கும் இடத் தகவலையும் நீக்கிவிடுங்கள்.