பழைய மரத்தில் சாப்பாட்டு மேசை: வாங்கும் முன் கவிழ்த்துப் பாருங்கள்

எங்கள் வீட்டில் முதலில் வாங்கிய சாப்பாட்டு மேசை ஒரே வரியில் விற்பனையானது. "மாயவரம் பக்கம் மிராசுதார் வீட்டை இடிச்சப்ப வந்த உத்திரம் சார், நூறு வருஷத்து பர்மா தேக்கு." மேல்பலகை முழுக்க ஆணித் துளைகள். தடவிப் பார்த்தேன், மயங்கிவிட்டேன். ஐப்பசி அடைமழையில் பலகை நடுவில் மேடு கட்டி, ரசக் கிண்ணம் ஒரு பக்கமாகச் சரிய ஆரம்பித்தது.

ஆசாரியைக் கூப்பிட்டேன். வந்தவர் ஒன்றும் பேசாமல் மேசையைக் கவிழ்த்தார். கீழ்ப்புறம் புது மரம் போல வெளுத்துக் கிடந்தது. அப்புறம் மேல்பக்கத் துளை ஒன்றில் ஒரு குச்சியை விட்டு ஆழம் பார்த்தார். அடுத்த துளையிலும் அதே ஆழம், அதற்கடுத்ததிலும் அதே ஆழம். "எல்லாம் ட்ரில்லுல போட்டது தம்பி" என்றார். நான் கொடுத்த விலையைக் கேட்டுவிட்டு மறுபடி பேச்சை நிறுத்திக்கொண்டார்.

இரண்டாவது மேசையைச் சரியாக வாங்கினேன். அதற்கு நான் பின்பற்றிய வரிசைதான் கீழே இருப்பது. கும்பகோணம், தஞ்சாவூர், திருவாரூர் பக்கம் பழைய வீடுகளை இடித்து மரம் விற்கும் இடங்களையும், அந்த மரத்தில் மேசை செய்து விற்கும் கடைகளையும் மனத்தில் வைத்து எழுதுகிறேன்.

கையில் எடுத்துப் போக வேண்டியவை: அளவு டேப், சின்ன காந்தம், ஸ்க்ரூ டிரைவர், ஒரு ஈரத்துணி. டார்ச் போனிலேயே இருக்கிறது.

படி 1: வயதைக் கேட்காதீர்கள், வீட்டில் எந்த இடத்து மரம் என்று கேளுங்கள்

"எத்தனை வருஷத்து மரம்?" என்று கேட்டால் கேட்பவர் முகத்தைப் பார்த்து வருஷம் கூடும். "இது வீட்டில் என்னவாக இருந்தது?" என்று கேட்டுப் பாருங்கள். உத்திரமா, கைமரமா (ஓட்டுக்கூரையைத் தாங்கும் சாய்வுச் சட்டம்), தூணா, நிலையா (கதவைத் தாங்கும் சட்டம்), கதவா, பத்தாயப் பலகையா (பத்தாயம் என்றால் நெல் கொட்டி வைக்கும் மரப்பெட்டி)? உண்மையிலேயே இடிப்பு வேலையிலிருந்து மரம் எடுத்தவருக்கு இதற்குப் பதில் தெரியும். அந்தப் பதில் சரியா என்று மரமே சொல்லிவிடும், ஏனென்றால் ஒவ்வொன்றுக்கும் ஒரு தழும்பு உண்டு.

கைமரத்தில், ஓடு உட்காரும் ரீப்பர் சட்டங்களை அடித்த ஆணித் துளைகள் ஒரே வரிசையில் வரும். மேலே மங்களூர் ஓடு போட்ட வீடு என்றால் துளைக்குத் துளை ஒரு அடிக்குச் சற்றுக் கூடுதலாக இடைவெளி இருக்கும். நாட்டு ஓடு என்றால் நெருக்கமாக இருக்கும். பலகை முழுக்க மிளகைத் தூவியது போலக் கண்டபடி துளை கிடந்தால் சந்தேகப்படுங்கள். எந்தக் கூரையிலும் யாரும் அப்படி ஆணி அடிப்பதில்லை.

மரச்சட்டங்களின் மேல் செங்கல்லைக் குத்துவாட்டில் அடுக்கிச் சுண்ணாம்பு போட்ட பழைய மாடித்தளத்திலிருந்து வந்த சட்டத்தில் ஒரே ஒரு பக்கம் மட்டும் வெள்ளைக் கறை ஊறியிருக்கும். இழைத்த பிறகும் ரேகையின் பள்ளங்களில் கொஞ்சம் மிச்சம் நிற்கும். நிலையில் நாதாங்கி மாட்டிய குழி இருக்கும். பழைய கதவு கீல் இல்லாமல், கதவு மூலையில் நீட்டிக்கொண்டிருக்கும் குடுமி என்ற மரமுளையில் சுற்றும். அந்தக் குடுமி உட்கார்ந்த வட்டக் குழி நிலையின் கீழ்க்கட்டையில் தேய்ந்து வழவழப்பாக இருக்கும். தேய்மானத்தை ட்ரில்லால் செய்ய முடியாது.

பத்தாயப் பலகை கிடைத்தால் விடாதீர்கள். நம் பக்கத்து நெல் வீடுகளில் பத்தாயம் இல்லாத வீடு குறைவு. நெல்லின் கனத்தைத் தாங்க வேண்டும் என்பதால் தடித்த, அகலமான பலகையாகப் போட்டிருப்பார்கள். மேசைக்கு வேண்டியதும் அதுதான். உள்பக்கம் நெல் உரசி உரசி மெருகேறியிருக்கும். அந்த மெருகை இழைத்துத் தள்ளாமல் கீழ்ப்புறமாவது விட்டுவைக்கச் சொல்லுங்கள்.

படி 2: கவிழ்த்துப் பாருங்கள்

கடைக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை. மேலே பாலிஷ் பேசும், கீழேதான் மரம் தெரியும்.

முதலில் துளைகள். பழைய இரும்பு ஆணி பல வருஷம் மரத்துக்குள் கிடந்தால், மரத்தில் உள்ள துவர்ப்பும் துருவும் சேர்ந்து துளையைச் சுற்றி நீலங்கலந்த கறுப்பு வளையம் விழும். ரேகை ஓடும் திசையில் அந்தக் கறை கொஞ்சம் நீண்டு, கண்ணில் மை கலைந்தது போலத் தெரியும். ட்ரில் துளை சுத்தமான வட்டம், உள்ளே வெளுப்பு. சிலர் அதிலும் கறுப்புச் சாயம் விடுவார்கள். ஆனால் சாயம் துளை விளிம்பில் வெட்டினாற்போல நின்றுவிடும், மரத்துக்குள் பரவியிருக்காது. கொல்லர் கையால் அடித்த பழைய ஆணி சதுரமாக இருக்கும் என்பதால் துளையும் சதுரமாக இருக்கலாம். காந்தத்தை மெல்ல ஓட்டினால் உள்ளேயே முறிந்து நின்ற ஆணி சில இடங்களில் இழுக்கும். எனக்கு அது நல்ல சகுனம்.

அடுத்து, வாள் பட்ட தடம். இரண்டு பேர் மேலும் கீழுமாக இழுத்து அறுத்த பலகையில் கோடுகள் நேராக, ஆனால் இடைவெளி ஒன்றுபோல் இல்லாமல் இருக்கும். இன்றைய மில் அறுப்பு அச்சடித்தது போல ஒரே சீராக இருக்கும். ஒரு விஷயம்: பழைய உத்திரத்தை இப்போது மில்லில் கொடுத்துப் பலகையாக அறுத்தாலும் புதுத் தடம்தான் விழும், அறுத்த முகத்தில் நிறமும் இளசாகவே தெரியும். அதை மட்டும் வைத்துப் பொய் என்று முடிவு கட்ட வேண்டாம். அப்படி அறுத்த பலகையிலும் ஏதாவது ஒரு விளிம்பு பழைய முகமாக மிஞ்சியிருக்கும். அதைக் காட்டச் சொல்லுங்கள்.

மூன்றாவது, பலகையின் முனை. மேலே ஓடும் ரேகை விளிம்பிலும் இறங்கி, முனையில் வளையமாகத் தெரிய வேண்டும். மேலே அழகான ரேகை, முனையில் ஒட்டுப்பட்டி என்றால் அது மெல்லிய தோலை ஒட்டிய பலகை. எடையை மட்டும் நம்பினால் இதில் ஏமாந்துவிடுவோம். மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப். பலகையும் தேக்கு அளவுக்குக் கனக்கும்.

படி 3: என்ன மரம்?

டெல்டா வீடுகளில் தேக்கு மட்டுமே இருந்தது என்று நினைக்க வேண்டாம். பூவரசு, வேம்பு, பலா, இலுப்பை, வாகை எல்லாம் உண்டு. வண்டிச் சக்கரத்துக்குப் பூவரசைத் தேடிய ஊர் இது. அதன் வைரம், அதாவது நடுவில் முற்றிய மரம், சாக்லேட் நிறத்தில் இருக்கும், மேசைக்கு மிக நன்றாக உழைக்கும், விலையும் தேக்கை விடக் குறைவு. என்னைக் கேட்டால், "தேக்குதான் வேண்டும்" என்ற பிடிவாதத்தை விட்டாலே பாதி ஏமாற்று குறைந்துவிடும்.

தேக்கைத் தெரிந்துகொள்ள, பாலிஷ் படாத ஒரு மூலையைத் தேய்த்து முகருங்கள். பழைய தோல் போன்ற ஒரு வாசனை வரும், விரலில் லேசான எண்ணெய்ப் பசை தட்டும். முனையில் வளையத்துக்கு வளையம் பெரிய துளைகள் வரிசையாக நிற்பது வெறும் கண்ணுக்கே தெரியும். வேங்கை என்று சொல்லி விற்றால் ஒரு சிட்டிகை தூளை டம்ளர் தண்ணீரில் போட்டு வெயிலில் பிடித்துப் பாருங்கள். உண்மையான வேங்கை என்றால் தண்ணீரில் நீலப் பளபளப்பு ஓடும். முதல்முறை பார்க்கும்போது நம்பவே முடியாது.

முனையில் வளையமே இல்லாமல் கறுப்புப் புள்ளி புள்ளியாக இருந்தால் அது பனை அல்லது தென்னை. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம், பட்டுக்கோட்டை பக்கம் தோப்பு தோப்பாகத் தென்னையைச் சாய்த்தது. விழுந்த மரத்தைப் பயன்படுத்துவதில் தப்பே இல்லை. தென்னையைத் தென்னை என்று சொல்லி விற்கட்டும், அவ்வளவுதான்.

வைரத்தையும் வெள்ளையையும் பிரித்துப் பாருங்கள். மரத்தின் வெளிச்சுற்றில் இருக்கும் வெளுத்த பகுதியை ஆசாரிகள் வெள்ளை என்பார்கள். உளுப்பது அங்கேதான் ஆரம்பிக்கும். எவ்வளவு உசத்தியான தேக்கிலும் வெள்ளை வெள்ளைதான். சாயம் பூசி மறைத்திருப்பார்கள், ஈரத்துணியால் கீழ்ப்புறத்தைத் துடைத்தால் நிற வித்தியாசம் தெரிந்துவிடும்.

படி 4: "பர்மா" என்ற சொல்லுக்கு எவ்வளவு கொடுப்பது?

பர்மா தேக்கு நம் ஊருக்கு வந்தது கதையல்ல. 1852 போருக்குப் பிறகு கீழ் பர்மா முழுவதும் ஆங்கிலேயர் கைக்குப் போக, ரங்கூன், மோல்மேன் துறைமுகங்களிலிருந்து மரம் கப்பல் கப்பலாக வந்தது. அங்கே மரத்தைச் சுற்றிப் பட்டையை வெட்டி, இரண்டு மூன்று வருஷம் நின்றபடியே காயவிட்டு, அப்புறம்தான் சாய்த்து ஆற்றில் மிதக்கவிடுவார்கள். பச்சைத் தேக்கு தண்ணீரில் மூழ்கிவிடும் என்பதுதான் காரணம். 1942இல் ஜப்பான் படை பர்மாவுக்குள் நுழைந்ததும் இந்த வரத்து அறுந்தது. பிறகு, 2014 ஏப்ரலில் மியான்மர் (இன்றைய பர்மா) அறுக்காத உருட்டு மரங்களின் ஏற்றுமதியைத் தடை செய்தது. ஆகவே பழைய வீட்டில் பர்மா தேக்கு இருக்க நியாயம் உண்டு.

ஆனால் எதிரில் இருக்கும் பலகையைப் பார்த்து "இது பர்மா" என்று கண்ணால் சத்தியம் செய்ய யாராலும் முடியாது. நீளமாக, கணு இல்லாமல், நேர்ரேகையாக, வளையங்கள் நெருக்கமாக இருந்தால் மெதுவாக வளர்ந்த காட்டு மரம் என்று சொல்லலாம், அவ்வளவே. ஒரு அங்குலத்துக்குள் மூன்று நான்கு வளையம்தான் என்றால் வேகமாக வளர்ந்த தேக்கு. நம் பக்கம் கால்வாய்க் கரைகளில் நட்டு வளர்த்த மரமாகக்கூட இருக்கலாம். அதனால் மரம் மோசம் என்றில்லை, பர்மா விலை கொடுக்க வேண்டியதில்லை. "செட்டிநாட்டு மரம்" என்பதும் இப்போது இப்படி ஒரு விலைச்சீட்டாகிவிட்டது. பெரிய தொகை என்றால் ஒரு வெட்டுத்துண்டை வாங்கி பெங்களூரில் உள்ள மர அறிவியல் தொழில்நுட்ப நிறுவனத்துக்கு அனுப்பலாம். என்ன மரம் என்று சோதித்துச் சொல்வார்கள். அதுவும் என்ன மரம் என்பது மட்டும்தான், எந்த நாட்டு மரம் என்பதல்ல.

தேர்ச் சிற்பம், சாமி உருவம் செதுக்கிய துண்டு பதித்த மேசை என்றால் நான் தொடமாட்டேன். நூறு வருஷம் தாண்டிய சிற்பத்துக்கு 1972ஆம் ஆண்டு தொல்பொருள் சட்டம் பொருந்தும். எந்தக் கோயிலில் இருந்து எப்படி வந்தது என்ற கேள்வி நம் வீட்டுக் கூடத்தில் உட்கார வேண்டாம்.

படி 5: உளு, கரையான், இற்ற முனை

உத்திரத்தின் இரண்டு முனையும் சுவருக்குள் இருந்தவை. ஈரம் இறங்குவது அங்கே. ஸ்க்ரூ டிரைவர் முனையால் அழுத்துங்கள். பொதபொதவென்று இறங்கினால் அந்தப் பகுதி போச்சு. கணுவிரலால் தட்டினால் நல்ல மரம் கணீரென்று சொல்லும்.

உளுத் துளை குண்டூசித் தலை அளவில் இருக்கும். துளையின் உள்ளே கறுத்திருந்தால் பூச்சி எப்போதோ போய்விட்டது. உள்ளே வெளுத்து, தட்டினால் பவுடர் போல மாவு கொட்டினால் இன்னும் குடியிருக்கிறது என்று அர்த்தம். அப்படிப்பட்ட மேசையை வீட்டுக்குள் கொண்டுவந்தால் மற்ற மரச்சாமானுக்கும் பரவும்.

படி 6: இணைப்பு

பழைய மரம் அசையாது என்பது பெரிய பொய். மூன்று அடி அகலப் பலகை சித்திரைக்கும் கார்த்திகைக்கும் நடுவே கால் அங்குலம்கூட விரிந்து சுருங்கும். என் முதல் மேசை மேடு கட்டியது இதனால்தான்: பலகையை நாலு பக்கமும் சட்டத்தோடு ஸ்க்ரூ வைத்து இறுக்கியிருந்தார்கள், மழையில் விரிந்த மரத்துக்குப் போக இடமில்லை. ஸ்க்ரூ ஓட்டை வட்டமாக இல்லாமல் நீள்துளையாக இருக்கிறதா, அல்லது மரக்கட்டை கொக்கி வைத்துப் பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். காலில் துளையடித்து, அதில் சட்டத்தின் நாக்கைச் செருகிச் சேர்த்திருக்க வேண்டும். மூலையில் எல் வடிவ இரும்புத் தகடு மட்டும் இருந்தால் இரண்டு வருஷத்தில் ஆடும்.

ஈரமானி இருந்தால் குத்திப் பாருங்கள். பன்னிரண்டு சதவீதத்தை ஒட்டி இருந்தால் நல்லது, இருபதைத் தொட்டால் விட்டுவிடுங்கள்.

படி 7: அளவும் விலையும்

ஆறு பேர் உட்கார ஆறுக்கு மூன்று அடி, உயரம் முப்பது அங்குலம். ஒன்றரை அங்குலத் தடிப்பில் மேல்பலகை மட்டும் இரண்டேகால் கன அடி வரும். தேக்கு என்றால் நாற்பது கிலோவை ஒட்டும். கால், சட்டம் சேர்த்து மூணேகால் கன அடி. பக்கத்து மரவாடியில் பழைய மரம் கன அடி என்ன விலை என்று விசாரித்து, சேதாரத்தையும் ஆசாரி கூலியையும் கூட்டிப் பாருங்கள். கடைக்காரர் சொல்லும் விலைக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம்தான் கதையின் விலை.

படி 8: பெயின்ட், பாலிஷ்

பழைய கதவு, ஜன்னல் மரத்தில் பல அடுக்கு பெயின்ட் இருக்கும். வீட்டுப் பெயின்ட்டில் ஈயத்தைப் பத்து லட்சத்தில் 90 பங்குக்குள் கட்டுப்படுத்தும் விதி 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயின்ட் உரிந்து நிற்கும் "ஆன்டிக் லுக்" மேசையில் சாப்பிட வேண்டாம், குழந்தை இருக்கும் வீட்டில் நிச்சயமாக வேண்டாம். முழுக்கச் சுரண்டி எடுத்ததையே வாங்குங்கள். அந்தச் சுரண்டலை வீட்டு முற்றத்தில் நீங்களே செய்யாதீர்கள், தூசிதான் ஆபத்து.

பாலிஷைச் சோதிக்க, அதே பாலிஷ் போட்ட துண்டு ஒன்று கேட்டு வாங்கி, சுடச்சுடக் காபி டபராவை அதன் மேல் வையுங்கள். ஒரு துளி மஞ்சள் கலந்த குழம்பையும் விட்டுக் கால்மணி நேரம் கழித்துத் துடையுங்கள். வெறும் மெழுகுப் பூச்சு என்றால் வெள்ளை வட்டம் விழுந்துவிடும்.

படி 9: ரசீது

"டைனிங் டேபிள் - 1" என்று எழுதின ரசீது ஒன்றுக்கும் ஆகாது. மரத்தின் பெயர், எந்த ஊர்க் கட்டடம், மேல்பலகை மட்டும் பழைய மரமா, காலும் பழையதா, இதெல்லாம் எழுதச் சொல்லுங்கள். வாயால் நூறு வருஷம் சொன்னவர் பேனா எடுத்ததும் "பழைய தேக்கு" என்று நிறுத்திக்கொள்வார். விலை பேசுவதற்கு அதுதான் நேரம்.

மேசை வந்து இறங்கியதும் முதல் இரண்டு வாரம் அடியில் கறுப்புச் சார்ட் தாளை விரித்து வையுங்கள், கூட்டும்போது நகர்த்த வேண்டாம். வெள்ளை மாவு விழுந்தால் தாளோடு சேர்த்து ஒரு போட்டோ எடுத்து, அன்றைக்கே கடைக்காரருக்கு அனுப்புங்கள்.