செக் ஐஸ் ஹாக்கி வீரர் ஒருவர் பயிற்சியாளரானால்: வாழ்க்கைக் குறிப்பைப் பிழையில்லாமல் எழுதும் முறை

இவான் ஹ்லின்காவைப் பற்றி எழுத உட்கார்ந்தால் "மூன்று முறை உலக சாம்பியன், ஒரு முறை ஒலிம்பிக் சாம்பியன்" என்று ஒரே வரியில் முடித்துவிடத் தோன்றும். அந்த வரி இரண்டு வாழ்க்கைகளை ஒன்றாகக் குழப்புகிறது. 1972, 1976, 1977 உலகப் பட்டங்களை அவர் செக்கோஸ்லோவாக்கியாவின் வீரராகக் களத்தில் வென்றார். 1998 நகானோ ஒலிம்பிக் தங்கம் செக் குடியரசு அணியுடையது. அங்கே அவர் தலைமைப் பயிற்சியாளர். பயிற்சியாளராக 1999இல் பெற்ற உலகப் பட்டம் அந்த வரியில் இடம்பெறவே இல்லை. ஒலிம்பிக்கில் பயிற்சியாளருக்குப் பதக்கம் தருவதில்லை. ஆகவே அவரை ஒலிம்பிக் தங்கம் வென்ற வீரர் என்று எழுதக்கூடாது. வீரராக அவருக்குக் கிடைத்தவை 1972 சப்போரோ வெண்கலமும் 1976 இன்ஸ்ப்ரூக் வெள்ளியும்.

இந்தக் குழப்பம் வராமலிருக்க ஒரே வழி, முதலிலேயே இரண்டு தாள்கள் போடுவது. ஒன்று ஆட்டக்காலம், மற்றொன்று பயிற்சிக்காலம். இரண்டும் நிரம்பும்வரை கட்டுரையின் முதல் வரியைத் தொடாதீர்கள்.

ஆட்டக்காலத் தாள்

ஒவ்வொரு சீசனுக்கும் ஒரு வரிசை. சீசன் இலையுதிர் காலத்தில் தொடங்கி அடுத்த ஆண்டு வசந்தத்தில் முடிவதால் 1981–82 என்று இரட்டை ஆண்டாகவே எழுதுங்கள். ஒற்றை ஆண்டாகச் சுருக்கினால் கிளப் மாறிய தேதிகள் ஓராண்டு முன்னே பின்னே நகர்ந்துவிடும். கட்டங்கள் இவை: கிளப், லீக், ஆட்டங்கள், கோல், அசிஸ்ட் (கோலுக்கு வழிவகுத்த பந்தனுப்பல்), புள்ளி, பெனால்டி நிமிடங்கள் (தண்டனையாக வெளியே உட்கார்ந்த நேரம்). பிளே-ஆஃபுக்கு, அதாவது சீசன் முடிவில் பட்டத்துக்காக நடக்கும் ஆட்டங்களுக்கு, இதே கட்டங்களைத் தனியாகப் போட வேண்டும். வழக்கமான சீசன் எண்ணோடு பிளே-ஆஃப் எண்ணைக் கூட்டுவதுதான் இந்தத் துறையில் அடிக்கடி நடக்கும் தவறு.

நிரப்பியதும் கூட்டிப் பாருங்கள். கோலுக்கு ஒரு புள்ளி, அசிஸ்டுக்கு ஒரு புள்ளி. ஹ்லின்கா வட அமெரிக்க லீகில் கனடாவின் வான்கூவர் கனக்ஸ் அணிக்காக 1981–82இல் 72 ஆட்டங்களில் 23 கோல், 37 அசிஸ்ட், ஆக 60 புள்ளிகள். 1982–83இல் 65 ஆட்டங்களில் 19, 44, 63. இரண்டும் சேர்ந்து 137 ஆட்டங்கள், 42 கோல், 81 அசிஸ்ட், 123 புள்ளிகள். குறுக்கிலும் நெடுக்கிலும் கணக்கு ஒத்துவந்தால் அந்தப் பகுதியை நம்பலாம். ஒத்துவராவிட்டால் பெரும்பாலும் பிளே-ஆஃப் உள்ளே நுழைந்திருக்கும், அல்லது சீசன் நடுவில் அணி மாறியதால் ஒரே சீசனுக்கு இரண்டு வரிசைகள் இருக்கும்.

எண்ணுக்குப் பக்கத்தில் வயதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஹ்லின்கா 1950 ஜனவரி 26இல் மோஸ்ட் நகரில் பிறந்தவர். கனடாவுக்குப் போனபோது வயது 31. தேசிய அணிக்கு நீண்ட காலம் ஆடி முடித்தவர்களுக்குத்தான் அன்றைய அரசு வெளிநாட்டு அனுமதி கொடுத்தது. சக செக் வீரர் யிரி புப்லாவும் அவரோடு அப்படித்தான் போனார். இதைச் சொல்லாமல் வெறும் 123 புள்ளிகளை எழுதினால், இருபது வயதில் அங்கே போன பிற்காலத்து வீரர்களுக்கு அருகில் அவர் சிறுத்துத் தெரிவார். அது அவருக்குச் செய்யும் அநியாயம்.

கிளப் பெயர்கள்

செக் கிளப்புகளின் பெயரில் ஆலையின் பெயரோ விளம்பரதாரரின் பெயரோ ஒட்டியிருக்கும். அது மாறிக்கொண்டே இருக்கும். செக் ஊரான லித்வீனோவின் கிளப் சிஎச்இசட், கெமோபெட்ரோல், பென்சினா, வெர்வா என்று பல பெயர்களில் ஆடியிருக்கிறது. நான்கு பெயர்களைப் பார்த்து ஒரு வீரர் நான்கு கிளப்புகளில் ஆடினார் என்று எண்ணிவிட வேண்டாம். ஊர்ப் பெயரை நிலையாக வைத்து, அந்தக் காலத்துப் பெயரை முதல் முறை மட்டும் சேர்த்தால் போதும்.

"டுக்லா" என்று பார்த்தால் நின்று யோசியுங்கள். அது இராணுவக் கிளப். கட்டாய இராணுவ சேவைக்கு அழைக்கப்பட்ட நல்ல ஆட்டக்காரர்கள் டுக்லா யிஹ்லவாவுக்கோ டுக்லா ட்ரென்சீனுக்கோ ஆடினார்கள். பின்னாளில் தேசிய அணியின் தலைவராகவும் பயிற்சியாளராகவும் இருந்த விளாடிமீர் ரூஷிச்கா 1987 முதல் 1989 வரை ட்ரென்சீனில் இருந்ததை "லித்வீனோவை விட்டு விலகினார்" என்று எழுதினால் அர்த்தமே மாறிப்போகும். ட்ரென்சீன் இன்று ஸ்லோவாக்கியாவில் இருக்கிறது என்பதையும் மறக்க வேண்டாம்.

நாடும் ஆண்டும்

1992 டிசம்பர் 31 வரை செக்கோஸ்லோவாக்கியா, மறுநாளிலிருந்து செக் குடியரசு. உள்நாட்டு லீகும் 1993–94 முதல் எக்ஸ்ட்ராலிகா ஆனது. இருபது வயதுக்குட்பட்டோரின் 1993 உலகப் போட்டி ஸ்வீடனில் நடந்துகொண்டிருந்தபோதே நாடு பிரிந்தது. அந்த அணி ஒரு பெயரில் தொடங்கி வேறு பெயரில் முடித்தது. அந்தத் தலைமுறையைப் பற்றி எழுதினால் இந்த ஒரு போட்டிக்கு மட்டும் அடிக்குறிப்பு தேவைப்படும்.

1980, 1984, 1988 ஆகிய ஒலிம்பிக் ஆண்டுகளில் முதல்நிலை உலகப் போட்டி நடக்கவில்லை. அந்த வரிசைகள் காலியாக இருந்தால் அப்படியே விடுங்கள். 1972இலும் 1976இலும் இரண்டும் தனித்தனியாக நடந்தன.

பயிற்சிக்காலத் தாள்

இங்கேதான் அதிக நேரம் செலவிட வேண்டும். கட்டங்கள் வேறு: அணி, பதவி, பொறுப்பேற்ற நாள், விலகிய நாள், அவர் பொறுப்பில் நடந்த ஆட்டங்கள், முடிவு. பதவிக் கட்டத்தை ஒருபோதும் காலியாக விடாதீர்கள். தலைமைப் பயிற்சியாளர், உதவிப் பயிற்சியாளர், பொது மேலாளர் மூன்றும் வேறு வேறு வேலைகள். நகானோவில் ஹ்லின்காவுக்கு உதவியாக நின்றவர் ஸ்லவோமீர் லெனெர், அணித்தலைவர் ரூஷிச்கா. மூவருக்கும் அந்த வெற்றியில் பங்குண்டு, ஆனால் மூன்று விதமாக.

நாள் ஏன் முக்கியம் என்பதற்கு, ஹ்லின்கா பயிற்சியளித்த வட அமெரிக்க லீக் அணியான பிட்ஸ்பர்க் பெங்குவின்ஸ் நல்ல உதாரணம். 2000–01 முழுச் சீசனும் ஹ்லின்காவுடையது: 42 வெற்றி, 28 தோல்வி, 9 சமன், 3 கூடுதல் நேரத் தோல்வி. நான்கையும் கூட்டினால் 82 ஆட்டங்கள் வர வேண்டும், வருகிறது. வெற்றிக்கு இரண்டு, சமனுக்கும் கூடுதல் நேரத் தோல்விக்கும் ஒவ்வொன்று என்று போட்டால் 96 புள்ளிகள். அணி கிழக்குப் பிரிவின் இறுதிவரை சென்று நியூ ஜெர்சியிடம் தோற்றது. அடுத்த சீசனில் முதல் நான்கு ஆட்டங்களும் தோல்வி. 2001 அக்டோபரில் அவர் நீக்கப்பட்டார். ஆகவே 2001–02 வரிசையில் நான்கு ஆட்டங்கள் மட்டுமே அவர் பெயரில் வரும். மீதிச் சீசனின் கணக்கு அவருக்குப் பின் பொறுப்பேற்ற ரிக் கீஹோவுக்கு. இந்த நான்கு கட்டக் கணக்கு எல்லாக் காலத்துக்கும் பொருந்தாது. வட அமெரிக்க லீகில் பின்னர் சமன் என்பதே இல்லாமல் போனது. இன்றைய எக்ஸ்ட்ராலிகாவில் வழக்கமான நேர வெற்றிக்கு மூன்று புள்ளிகள். அதனால் இரு லீகுகளின் புள்ளிகளைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவதில் பயனில்லை.

தேசிய அணிப் பொறுப்பு ஒருவருக்கே இடைவெளி விட்டு மீண்டும் மீண்டும் வருவதும் உண்டு. ரூஷிச்கா 2004இல், ஹ்லின்கா விபத்தில் இறந்ததும், உலகக் கோப்பைக்கு அணியை ஏற்றார். 2005இல் வியன்னாவில் உலகப் பட்டம். மீண்டும் வந்து 2010இல் ஜெர்மனியில் இன்னொரு பட்டம். அதே 2010இல் வான்கூவர் ஒலிம்பிக்கில் அவருடைய அணி காலிறுதியில் பின்லாந்திடம் தோற்றது. மூன்றாம் முறை, 2014இலும் 2015இலும், உலகப் போட்டியில் நான்காம் இடம். ஒவ்வொரு காலத்தையும் தனி வரிசையாக்குங்கள், தோல்விகளையும் எழுதுங்கள். பட்டங்களை மட்டும் பொறுக்கி எடுத்தால், அவர் ஏன் போனார், ஏன் திரும்ப அழைத்தார்கள் என்பது வாசகருக்குப் புரியாது. இவற்றோடு ஸ்லாவியா பிராகா கிளப்பின் பயிற்சியாளராக 2003, 2008 லீக் பட்டங்களும் வருகின்றன. அவை கிளப் வரிசைக்கு உரியவை.

சரிபார்க்கும்போது விழும் குழிகள்

2000, 2001 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் செக் குடியரசு உலகப் போட்டிகளில் ஆண்டுக்கு இரண்டு தங்கங்கள் வென்றது. பெரியவர் அணிக்குப் பயிற்சியாளர் யோசெஃப் அவுகுஸ்தா, இருபது வயதுக்குட்பட்டோர் அணிக்கு யாரோஸ்லாவ் ஹோலீக். இருவரும் டுக்லா யிஹ்லவாவின் பழைய வீரர்கள். ஆண்டும் பதக்கத்தின் நிறமும் பழைய கிளப்பும் ஒன்றாக இருப்பதால் பதக்கம் எளிதில் இடம் மாறிவிடும். வயதுப் பிரிவை எப்போதும் சேர்த்தே எழுதுங்கள்.

லித்வீனோவ் புகழ்பெற்ற ஆட்டக்காரர்களை வளர்த்த ஊர் என்பதால் லீக் பட்டங்களும் குவிந்திருக்கும் என்று நினைப்போம். அந்தக் கிளப்பின் முதல் பட்டம் 2014–15இல்தான் வந்தது. பயிற்சியாளர் ராடிம் ரூலிக். பின்னர் 2024இல் பிராகாவில் உலகப் பட்டம் வென்ற அணியையும் அவரே நடத்தினார்.

கடைசியாகப் பெயர். நகானோ இறுதியில் ரஷ்யாவுக்கு எதிராக ஒரே கோலை அடித்த பெட்ர் ஸ்வோபொடா 1966இல் பிறந்தவர். அதே பெயரில் 1980இல் பிறந்த இன்னொரு தடுப்பாட்டக்காரரும் இருக்கிறார். ரூஷிச்காவின் மகனுக்கும் விளாடிமீர் என்றுதான் பெயர், அவரும் ஹாக்கி வீரர். பிறந்த ஆண்டு பொருந்தாத எந்த எண்ணையும் தாளில் ஏற்றாதீர்கள்.