‘போகவே இல்லையே, பிறகு எதற்குக் கட்டணம்?’ – கோடைக்காலப் படிப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மார்ச் பிறந்ததும் பெங்களூரின் அல்சூர், ஜீவன்பீமா நகர்ப் பக்கத்துத் தெரிந்த குடும்பங்களிலிருந்து எனக்கு அழைப்புகள் வரத் தொடங்கிவிடும். மகனோ மகளோ அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் கோடைக்காலப் படிப்பில் சேரப்போவதாகச் சொல்லி, பணம் அனுப்புவது எப்படி என்று கேட்பார்கள். வங்கியின் அந்நியச் செலாவணிப் பிரிவிலிருந்து ஓய்வு பெற்றவனிடம் வேறு எதைக் கேட்பார்கள்? பாஸ்போர்ட்டில் உள்ளபடி பெயரை எழுதுங்கள், கடைசி நாள் வரை காத்திருக்காதீர்கள் என்றெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. அதற்கு நான் தேவையில்லை. ஆண்டுதோறும் புதிதாக வருகிறவர்கள் அதே பழைய குழிகளில் விழுவதைப் பார்த்து அலுத்துப்போய்த்தான் எழுதுகிறேன்.

வகுப்புக்குப் போகாவிட்டால் தானாக ரத்தாகிவிடும் என்று நினைப்பது

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். நம் ஊரில் பணம் கட்டினால்தான் இடம். கட்டாதவரின் பெயர் பட்டியலில் இருக்காது. அமெரிக்காவில் பல பல்கலைக்கழகங்களில் இந்த வரிசை தலைகீழ். முதலில் இணையத்தில் பாடத்தைப் பதிவு செய்கிறோம், பில் பிறகு வருகிறது. பதிவு செய்த நொடியிலேயே நாம் கடன்காரர். வகுப்பில் தலைகாட்டவில்லை, விசா மறுக்கப்பட்டது, ஒரு டாலர்கூடக் கட்டவில்லை என்பதெல்லாம் அந்தப் பதிவைத் தானாக நீக்கிவிடாது. பணம் கட்டாதவரை அவர்களாகவே நீக்கும் பல்கலைக்கழகங்களும் உண்டு. உங்களுடையது அந்த வகை என்று எழுத்தில் பார்க்காதவரை நம்பாதீர்கள்.

தெரிந்த வீட்டுப் பையன் ஒருவன், பொறியியல் மாணவன், வீட்டிலிருந்தபடியே இரண்டு பாடங்களை இணையவழியில் படிக்கப் பதிவு செய்தான். இங்கே கல்லூரித் தேர்வு ஜூனில் வந்து குறுக்கிட்டதும் அவற்றை அப்படியே விட்டுவிட்டான். பில் வந்தபோது அவன் அப்பா என்னிடம், “போகவே இல்லையே சார், பிறகு எதற்குக் கட்டணம்?” என்று நியாயம் கேட்டார். நியாயம் அவர் பக்கம் இருப்பதுபோலத்தான் தோன்றும். பல்கலைக்கழகத்தின் விதி வேறு. முழுக் கட்டணம், அதன்மேல் தாமதக் கட்டணம். எதையும் எழுதித் தராததால் இரண்டு பாடங்களிலும் ‘எஃப்’. மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கும்போது இதுவரை படித்த எல்லா நிறுவனங்களின் மதிப்பெண் பட்டியலையும் கேட்டார்கள். பாக்கியைத் தீர்க்காமல் பட்டியலைத் தர மாட்டோம் என்றது அந்தப் பல்கலைக்கழகம். தோற்றதாகச் சொல்லும் காகிதத்தைக் கையில் வாங்க அந்தக் குடும்பம் முழுப் பணத்தையும் கட்டியது. அவ்வளவும் சில நிமிட வேலையால் மிஞ்சியிருக்கும்.

அந்த வேலை இதுதான்: பல்கலைக்கழகத் தளத்தில் நுழைந்து ஒவ்வொரு பாடத்தையும் நீங்களே ‘டிராப்’ செய்ய, அதாவது நீக்க, வேண்டும். கெடு முடிவதற்குள் செய்தால் கட்டணம் திரும்பும், பட்டியலிலும் சுவடு இருக்காது. கெடு கடந்துவிட்டால் மிஞ்சுவது ‘வித்ட்ரா’, அதாவது பாதியில் விலகுவது, மட்டும். பட்டியலில் ‘டபிள்யூ’ என்று ஏறும். பணம் பெரும்பாலும் திரும்பாது, திரும்பினாலும் ஒரு பகுதிதான்.

கெடு எவ்வளவு குறுகியது என்பதையும் யாரும் யோசிப்பதில்லை. ஏறத்தாழ 15 வாரத்துப் பாடத்தை 6 வாரத்தில் அடைக்கிறார்கள். கெடுவும் அதே விகிதத்தில் சுருங்கும். முழுப்பணம் திரும்பும் காலம் முதல் வாரத்துக்குள்ளேயே முடிந்துவிடலாம், சில இடங்களில் வகுப்பு தொடங்கும் முன்பே. கலிஃபோர்னியாவில் கோடைக்கால நள்ளிரவு என்பது நமக்கு மறுநாள் பகல் பன்னிரண்டரை. கிழக்குக் கரை அலுவலகம் காலை ஒன்பதுக்குத் திறக்கும்போது பெங்களூரில் மாலை ஆறரை. கடைசி நாளில் தொலைபேசியில் பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் வேண்டாம்.

டிராப் செய்த பின் பாக்கி பூஜ்யம் என்று காட்டும் பக்கத்தைப் படமெடுத்து வையுங்கள். விடுதி, உணவு, மருத்துவக் காப்பீடு ஆகியவை தனித்தனி ஒப்பந்தங்களாக இருக்கலாம். பாடத்தை நீக்கியதும் விடுதியும் நீங்கிவிட்டது என்று இருந்து, விடுதி வாடகைக்கு அழுதவர்களும் உண்டு.

இடையில் உள்ள வங்கியை மறப்பது

பணம் அனுப்பும் படிவத்தில், வெளிநாட்டு வங்கிக் கட்டணத்தை ஏற்பது யார் என்று ஒரு கேள்வி இருக்கும். அனுப்புபவரே முழுவதும் ஏற்பதாகக் குறியுங்கள். இல்லையென்றால் வழியில் உள்ள வங்கி தன் பங்கை எடுத்துக்கொண்டு மீதியை அனுப்பும். இருபது டாலர் குறைந்தாலும் பாக்கி பாக்கிதான். மாணவர் அடையாள எண்ணைக் குறிப்பில் எழுதவில்லையென்றால் யாருடைய பணம் என்று தெரியாமல் அது அங்கே கிடக்கும்.

டி.சி.எஸ். பிடித்ததும் பணம் போயிற்று என்று நினைப்பது

போகவில்லை. டி.சி.எஸ். என்பது வெளிநாட்டுக்கு அனுப்பும் பணம் ஒரு வரம்பைத் தாண்டினால் வங்கி முன்கூட்டியே பிடித்துவைக்கும் வரி. 2025 ஏப்ரல் 1 முதல் டி.சி.எஸ். வரம்பு 7 லட்சத்திலிருந்து 10 லட்சம் ரூபாயாக உயர்ந்தது. ஒரே பான் எண்ணில் நிதியாண்டு முழுவதும், எல்லா வங்கிகள் வழியாகவும் அனுப்பியதைக் கூட்டித்தான் இந்த 10 லட்சத்தைப் பார்ப்பார்கள். அங்கீகரிக்கப்பட்ட நிதி நிறுவனத்தின் கல்விக் கடனிலிருந்து அனுப்பினால் பிடித்தமே இல்லை. பிடித்த தொகை அனுப்பியவரின் வருமான வரிக் கணக்கில் வரவாக இருக்கும். தாத்தா கணக்கிலிருந்து அனுப்பினால் வரவும் தாத்தாவுக்குத்தான். அவர் வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்தால்தான் திரும்பும்.

பணம் எதற்காக என்று வங்கிப் படிவத்தில் குறிக்கும் நோக்கக் குறியீட்டில் கவனம் தேவை. அங்கே போய்ப் படிப்பவருக்கு எஸ்0305, வீட்டிலிருந்து படிப்பவருக்கு எஸ்1107. அவசரத்தில் வேறு பயணம் என்று குறித்துவிட்டால், வரம்புக்கு மேல் உள்ள தொகைக்குக் கல்விக்குரிய குறைந்த விகிதம் கிடைக்காது. 20 சதவீதம் பிடிப்பார்கள்.

சுற்றுலா விசாவில் கிரெடிட் படிப்பு

அமெரிக்காவின் பி-2 சுற்றுலா விசாவில், கிரெடிட் (பட்டத்துக்குக் கணக்கில் சேரும் பாட அலகு) இல்லாத, பொழுதுபோக்கான குறுகிய வகுப்புக்குப் போகலாம். பட்டத்தில் சேரும் கிரெடிட் வேண்டுமென்றால் எஃப்-1 மாணவர் விசா. அதிலும் கோடைதான் முதல் பருவம் என்றால் முழுநேர மாணவராகப் பதிவு செய்தாக வேண்டும். ஒரே ஒரு பாடம் போதாது. பிரிட்டன் இதில் தாராளம்: அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தில் 6 மாதம் வரையிலான படிப்புக்கு வழக்கமான பார்வையாளர் விசாவே போதும்.

இங்குள்ள கல்லூரி கிரெடிட்டை ஏற்கும் என்று நம்புவது

பதிவு செய்யும் முன் துறைத் தலைவரிடம் ஒப்புதலை எழுத்தில் வாங்குங்கள். வாய்வார்த்தை செல்லாது.

கிரெடிட் கார்டில் தேய்ப்பது

பெரும்பாலும் அங்கே பல்கலைக்கழகம் ஒரு கட்டணம் எடுக்கும், இங்கே கார்டு தந்த வங்கி ஒரு கட்டணம் எடுக்கும்.

முகவரின் கணக்கில் பணம் போடுவது

கூடாது. பல்கலைக்கழகத் தளம் எந்தக் கணக்கைக் காட்டுகிறதோ அதில் மட்டும்.