புது டப்ஸ்டெப் ரீமிக்ஸ் தேட ஒரு நல்ல வழி

டப்ஸ்டெப் என்பது கனமான பேஸ் (அடி ஒலி) கொண்ட மின்னணு இசை வகை; ரீமிக்ஸ் என்றால் ஒரு பாட்டை மாற்றிச் செய்த வடிவம். பாட்டுகளை ஏற்றிப் பகிரும் தளமான சவுண்ட்கிளவுடில் 'டப்ஸ்டெப் ரீமிக்ஸ்' என்று மட்டும் தேடினால் பழையவையே திரும்பத் திரும்ப வரும். பிடித்த ரீமிக்ஸ் ஒன்றைச் செய்தவரின் பக்கத்துக்குப் போய், அவர் லைக் செய்ததையும் ரீபோஸ்ட் செய்ததையும் பாருங்கள். இசைத் தயாரிப்பாளர்கள் ஒருவர் பாட்டை ஒருவர் விடாமல் கேட்பவர்கள். போன வாரம், கொழும்பு வெள்ளவத்தையில் ஏறிய 100ஆம் இலக்க பஸ் கோட்டைக்குப் போய்ச் சேருவதற்குள், இப்படியே நான்கு அருமையான மேஷப்கள் (வெவ்வேறு பாட்டுகளைக் கலந்து செய்தவை) கிடைத்தன.

தேடும் சொல்லையும் மாற்றிப் பாருங்கள். 'பூட்லெக்' என்றால் அனுமதி வாங்காமல் செய்த ரீமிக்ஸ். 'விஐபி' என்றால் பாட்டைச் செய்தவரே அதை மாற்றிச் செய்த வடிவம். எனக்கு மிகவும் பிடித்தவை இவைதான். இந்தச் சொற்களை ஆங்கில எழுத்தில் போட்டு, கடந்த ஒரு வாரத்தில் ஏற்றியவை என்று வடிகட்டினால் புதியவை மட்டும் வரும்.

அப்புறம், ஹெட்ஃபோன் கட்டாயம். டப்ஸ்டெப்பின் உயிரே அடியில் உறுமும் பேஸ்தான். போன் ஸ்பீக்கரில் அது கேட்கவே கேட்காது. நல்ல பாட்டையும் வெறும் இரைச்சல் என்று நினைத்துத் தள்ளிவிடுவீர்கள்.

பிடித்ததை உடனே பிளேலிஸ்டில் போட்டு, பெயரையும் தனியாகக் குறித்து வையுங்கள். பூட்லெக்குகள் உரிமைப் பிரச்சினையால் திடீரென்று நீக்கப்படுவதுண்டு. பெயராவது கையில் இருக்கும்.