சூப்பர் ஹீரோ படத்தைப் பதின்பருவப் பிள்ளைகளுக்குக் காட்டுவதா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் குடியிருப்பில் பிள்ளைகளுக்காக மாதம் ஒரு படம் திரையிடுகிறோம். படம் தேர்ந்தெடுக்கும் குழுவில் இவ்வாண்டு புதிதாகச் சேர்ந்த பெற்றோர், நான் முன்பு செய்த பிழைகளையே வரிசை மாறாமல் செய்வதைக் கண்டதால் இதை எழுதுகிறேன். சான்றிதழைப் பார்க்க வேண்டும், முன்னோட்டத்தை மட்டும் நம்பக் கூடாது என்பவை எல்லோரும் அறிந்தவை என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

நாயகனின் பெயரைப் பார்த்து முடிவு செய்வது

பேட்மேன் என்றால் பிள்ளைகள் படம் என்று பலர் நினைக்கிறார்கள். 2008இல் வந்த 'தி டார்க் நைட்', 2022இல் வந்த 'தி பேட்மேன்' ஆகிய இரண்டுக்கும் அமெரிக்காவில் 'பிஜி-13' (பதின்மூன்று வயதுக்குட்பட்டோருக்குப் பெற்றோர் எச்சரிக்கை தேவை) தரமே கிடைத்தது. பிரிட்டனிலோ முன்னதற்கு '12ஏ' (பன்னிரண்டு வயதுக்குட்பட்டோர் பெரியவர் துணையோடு பார்க்கலாம்), பின்னதற்கு '15' (பதினைந்து வயதுக்குட்பட்டோருக்கு அனுமதி இல்லை). ஒரே நாயகனின் படங்களுக்கு இரண்டு நாட்டின் தணிக்கையாளர்களே ஒரே முடிவுக்கு வரவில்லை என்னும்போது, சுவரொட்டியில் உள்ள முகமூடியை வைத்து நாம் முடிவு செய்ய இயலாது.

வெட்டுக்குத்தை மட்டும் கணக்கிட்டு, அவ்விடங்களைத் தாண்டிவிடுவது

இந்தத் தவற்றை நினைத்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது. 2017இல் வெளிவந்த 'லோகன்' படத்துக்கு அமெரிக்காவில் 'ஆர்' (பதினேழு வயதுக்குட்பட்டோர் பெரியவர் துணையோடு மட்டுமே), பிரிட்டனில் '15', இந்தியாவில் 'ஏ' (வயது வந்தோருக்கு மட்டும்) என்று தரம் கொடுத்திருந்தார்கள். அது தெரிந்திருந்தும், லோகன் என்னும் வுல்வரின் நாயகனாக வந்த முந்தைய படங்களையெல்லாம் பார்த்திருந்த என் அக்கா மகன் பதினான்கு வயதில் கெஞ்சிக் கேட்டபோது, வீட்டில் நான் உடனிருந்தால் போதும் என்று இசைந்துவிட்டேன். முதல் நாளே படத்தை ஓட்டிப் பார்த்து, ரத்தம் வரும் நிமிடங்களைத் தாளில் குறித்துக்கொண்டு, மறுநாள் அவ்விடங்களை ரிமோட்டால் தாண்டினேன்.

முந்தைய படங்களில் எவர் மனத்தையும் அறியும் ஆசானாக வந்த சார்லஸ் சேவியர், இந்தப் படத்தில் மூளை சிதைந்துவரும் முதியவர். லோகன் சலிப்போடும் கோபத்தோடும் அவருக்கு மருந்து கொடுத்துப் பராமரிக்கிறார். பின்னர் ஒரு பண்ணை வீட்டில், படுக்கையில் இருந்தபடி, லோகன் என்று நம்பி ஒருவனிடம் அவர் மனம் திறந்து பேசுகிறார். அவன் லோகன் அல்லன். லோகனைப் போலவே உருவாக்கப்பட்ட நகல். அவரை அவன் குத்துகிறான். குத்துவது முதல் அதைத் தொடரும் கொலைகள் வரை அனைத்தையும் நான் தாண்டிவிட்டதால், கொன்றவன் நகல் என்று தெரியவரும் பகுதியும் சேர்ந்தே போய்விட்டது. பராமரித்தவரே முதியவரைக் கொன்றுவிட்டார் என்று சிறுவன் புரிந்துகொண்டான்.

அப்போது என் அப்பாவுக்கு மறதி நோய் முற்றிக்கொண்டிருந்தது. அக்கா வீட்டில்தான் அவர் இருந்தார். இரவு பகலாகப் பார்த்துக்கொண்டு அக்கா ஓய்ந்து போயிருந்தார். இரண்டு நாள் கழித்து, "மாமா, பாத்துக்குறவங்களே சலிச்சுப்போய்க் கொன்னுடுவாங்களா?" என்று அவன் கேட்டபோதுதான் என்ன செய்துவைத்தேன் என்று எனக்கு உறைத்தது. விளக்கிச் சொன்ன பிறகும், இரண்டு வாரம் தாத்தாவின் அறை வாசலிலேயே பாய் விரித்துப் படுத்தான். அக்காவிடம் காரணத்தைச் சொல்ல எனக்கு வெகுநாள் ஆயிற்று.

ஆகவே, ரத்தம் எத்தனை நிமிடம் என்பதற்கு முன்னால், யார், யாருடைய கையால் சாகிறார்கள், அந்தச் சாவைப் படம் எப்படிக் காட்டுகிறது, அந்தப் பிள்ளையின் வீட்டில் இப்போது நோயோ துக்கமோ பிரிவோ இருக்கிறதா என்று கேளுங்கள். விடை சரியில்லை என்றால் படத்தை முழுவதுமாகத் தள்ளிவையுங்கள். துண்டு துண்டாகக் காட்டாதீர்கள். புதியவர்கள் தங்களுக்குள் நிமிடக் குறிப்புகளைப் பரிமாறிக்கொள்வதைப் பார்க்கும்போது என் மனம் பதறுகிறது.

ஓடிடியின் வயதுக் குறியீட்டைத் தணிக்கைச் சான்றிதழாகக் கொள்வது

2021ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி, ஓடிடியில் வரும் வயதுக் குறியீட்டை அந்தந்த நிறுவனமே இட்டுக்கொள்கிறது. திரையரங்குக்கான சான்றிதழைத் தருவது தணிக்கை வாரியம். அந்த வாரியம் 'யுஏ' (சிறுவர்கள் பெற்றோர் வழிகாட்டுதலோடு பார்க்கலாம்) பிரிவை 7+, 13+, 16+ என்று பிரித்துத் தரத் தொடங்கியதும் 2024இல்தான் என்பதால், பழைய படத்தின் வெறும் 'யுஏ' சான்றிதழிலிருந்து எந்த வயது என்று அறிய முடியாது. திரையரங்கில் வெட்டப்பட்ட காட்சி ஓடிடியில் இருக்கவும் கூடும்.

'நண்பர்கள் எல்லோரும் பார்த்துவிட்டார்கள்'

இது காரணமே அன்று.

காரணம் சொல்லாமல் மறுப்பது

மறுத்த படத்தைப் பிள்ளை கைப்பேசியில் பார்த்துவிடும், அதுவும் தனியாக.

படம் முடிந்ததும் விளக்கைப் போட்டுவிட்டுக் கலைந்துபோவது

எங்கள் குழுவில் இப்போது இருவர் படத்தை ஓரிடத்திலும் தாண்டாமல் முன்னதாகவே பார்த்துவிடுகிறார்கள். திரையிட்ட பின் அரை மணி நேரம் அவர்கள் பிள்ளைகளோடு அமர்ந்திருக்கிறார்கள். பெரும்பாலும் முதல் பதினைந்து நிமிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை.