ஹாஃப் டன் பிக்கப்பில் ஃபிஃப்த் வீலா? முதலில் கதவைத் திறந்து பாருங்கள்

அமெரிக்காவில் எஃப்-150, சில்வராடோ 1500 மாதிரி, ஹாஃப் டன் எனப்படும் இலகு ரகப் பிக்கப் ஒன்றோடு ஆர்வி (உள்ளேயே தங்கிப் பயணிக்கிற வீட்டு வண்டி) விற்கிற இடத்துக்குப் போனால், "உங்கள் வண்டி 11,000 பவுண்டு இழுக்கும், இந்த டிரெய்லர் 8,000தானே" என்பார்கள். இழுக்கும், பொய்யில்லை. ஆனால் ஃபிஃப்த் வீலை, அதாவது பிக்கப்பின் பெட்டில் (பின்பக்கச் சரக்குத் தளத்தில்) பொருத்திய ஹிட்ச் என்ற கொக்கியில் மாட்டுகிற டிரெய்லரை, இழுத்தால் மட்டும் போதாது, சுமக்கவும் வேண்டும். பம்பருக்குக் கீழே மாட்டுகிற சாதாரண டிரெய்லர் தன் எடையில் 10 முதல் 15 சதவீதத்தைத்தான் வண்டி மேல் வைக்கும். ஃபிஃப்த் வீல் சுமார் 20 சதவீதத்தை, சில சமயம் 25 வரைகூட, பின் அச்சுக்கு மேலேயே இறக்கிவிடும்.

அதனால் டிரைவர் கதவைத் திறந்து, தூணில் ஒட்டியிருக்கும் மஞ்சள் வெள்ளை ஸ்டிக்கரைப் படியுங்கள். ஆட்களும் சரக்கும் சேர்ந்து இத்தனை பவுண்டைத் தாண்டக் கூடாது என்று இருக்கும். உங்கள் பேலோட் (வண்டி சுமக்கக்கூடிய எடை) அதுதான், விளம்பரத்தில் போட்டிருப்பது அல்ல. 1,700 என்று வைத்துக்கொள்வோம். நான்கு பேரும் ஒரு நாயும் 550, ஹிட்ச் 150, ஐஸ் பெட்டியும் விறகும் 100. மிச்சம் 900. அந்த 8,000 பவுண்டு டிரெய்லரின் பின் வெயிட் (pin weight: டிரெய்லரின் முன்பக்கம் கீழ்நோக்கி நிற்கும் கிங் பின் என்ற எஃகு முளை வழியாக வண்டி மேல் இறங்கும் எடை) மட்டுமே, 20 சதவீதம் என்றால், 1,600 வரும். கணக்கு அங்கேயே முடிந்தது.

டிரெய்லர் பக்கமும் காலி எடையை நம்பாதீர்கள், அதிகபட்ச எடையை வைத்தே கணக்கிடுங்கள். ஒரு காலன் தண்ணீர் 8.3 பவுண்டு, 50 காலன் டாங்க் நிறைந்தால் 400க்கு மேல். முன்பக்கச் சாமான் அறையில் திணிக்கிற நாற்காலி, கருவிப் பெட்டி எல்லாவற்றின் எடையும் பெரும்பாலும் பின் வெயிட்டில்தான் ஏறும். பின் ஸ்பிரிங்குக்குத் துணையாக ஏர் பேக் (காற்றுப் பை) போட்டால் வண்டியின் வால் தொங்குவது நிற்கும், ஸ்டிக்கரில் உள்ள எண் மாறாது. ஹெவி டியூட்டி பேலோட் பேக்கேஜோடு வந்த எஃப்-150 என்றால் கதை வேறு, ஆனால் அது அபூர்வம்.

கணக்கு ஒத்துவந்து வாங்கிவிட்டால், குடும்பத்தோடு, முழுச் சுமையோடு டிரக் ஸ்டாப்பில் இருக்கும் கேட் ஸ்கேல் (CAT Scale) என்ற எடை மேடையில் ஏறுங்கள். முன் அச்சு, பின் அச்சு, டிரெய்லர் மூன்றுக்கும் தனித்தனி எடை வரும். டிரெய்லரைக் கழற்றிவிட்டு இன்னொரு தடவை ஏறினால், வண்டியின் இரண்டு எடைகளுக்கும் உள்ள வித்தியாசம்தான் உண்மையான பின் வெயிட்.

பெட் ஐந்தரை அடி என்றால் ஒடித்துத் திருப்பும்போது டிரெய்லரின் மூக்கு ஓட்டுநர் அறையின் பின்பக்கக் கண்ணாடியில் இடிக்கலாம். திருப்பும்போது பின்னால் நகர்ந்து இடம் கொடுக்கிற ஸ்லைடர் ஹிட்ச் வேண்டியிருக்கும்; சிலது 200 பவுண்டைத் தாண்டும், அதுவும் அதே 1,700க்குள்தான்.

அப்புறம் மாட்டுவது. டிரெய்லர் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, டெயில்கேட்டை இறக்கிவிட்டு, மெதுவாகப் பின்னால் வாருங்கள். டிரெய்லரின் தட்டு ஹிட்ச் தட்டைவிட அரை அங்குலம் தாழ்ந்திருந்தால், தொட்டதும் கொஞ்சம் எழும்பி உட்காரும். உயரமாக இருந்தால் கிங் பின் ஹிட்ச்சின் தாடைகளுக்கு மேலே ஏறி நின்றுகொண்டு, மாட்டியது போலவே தெரியும்; முதல் மேட்டில் டிரெய்லர் உங்கள் பெட் மேல் விழும். டார்ச் அடித்துப் பாருங்கள்: இரண்டு தட்டுகளுக்கும் நடுவில் இடைவெளி இருக்கக் கூடாது, தாடை கிங் பின்னைச் சுற்றி மூடியிருக்க வேண்டும். பிறகு ஹிட்ச் கைப்பிடியின் லாக் பின், விளக்குக்கும் பிரேக்குக்குமான வயர், டிரெய்லர் கழன்றால் அதன் பிரேக்கைத் தானே பிடிக்க வைக்கும் பிரேக்அவே கேபிள். தாங்குகால்களைத் தரையிலிருந்து ஓர் அங்குலம் மட்டும் தூக்கி, ஓட்டுநர் பக்கத்தில் இருக்கும் பிரேக் கண்ட்ரோலரின் லீவரால் டிரெய்லர் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு லேசாக முன்னால் இழுத்துப் பாருங்கள். அசையவில்லை என்றால் சரி, கால்களை முழுசாகத் தூக்கிவிட்டுக் கட்டைகளை எடுக்கலாம்.

கழற்றும்போதும் முதலில் டெயில்கேட்டை இறக்குங்கள். மழையில் அவசரப்பட்டு ஒரு நாள் மறந்துவிட்டு வண்டியை முன்னால் எடுத்தேன். பின்னால் படாரென்று ஒரு சத்தம். என் டெயில்கேட் நடுவில் கிங் பின் அகலத்துக்கு ஒரு பள்ளம் இன்னும் இருக்கிறது.